போல்ட் எல்லாம் கழற்றியும் வராத கியர்பொக்ஸ்

சுற்றிவர இருந்த போல்ட் எல்லாம் கழன்று மட்டையில் குத்தி வைத்தாயிற்று. கீழே ஜக் நிற்கிறது. ஆனாலும் கியர்பொக்ஸ் எஞ்சினை விட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. இந்தக் கட்டத்தில் பல கராஜ்களில் அடுத்ததாகக் கைக்கு வருவது அலவாங்கு. பெல் ஹவுசிங்கின் (எஞ்சினோடு பூட்டுப்படும் கியர்பொக்ஸின் மணி வடிவ வாய்) போல்ட் காது உடைவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

காரணம் இல்லாமல் எந்தக் கியர்பொக்ஸும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. கழற்றாமல் விட்ட போல்ட், கறள் ஏறிய டவல் பின், கிளச் பிளேட்டுக்குள் இறுகிய கியர்பொக்ஸ் ஷாப்ட், ஒட்டோ கியர் என்றால் கிளச்சுக்குப் பதிலாக இருக்கும் கொன்வேட்டர். இந்த நான்கில் ஒன்று, சில வேளை இரண்டு. எது என்பதை எஞ்சினுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் விழுகிற இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். எங்கே திறக்கிறது, எங்கே திறக்கவில்லை, எத்தனை மில்லிமீற்றரில் நிற்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். பலம் பிறகு.

வன்னி வாகனங்களில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாகவே வரும். பெல் ஹவுசிங் அலுமினியம். எஞ்சின் புளொக் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. இரண்டையும் ஒரே நேரில் நிறுத்தும் டவல் பின் உருக்கு. இவற்றுக்கு நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் முதலில் அரிபடுவது அலுமினியம்தான். அரிபட்டது வெள்ளைத் தூளாக மாறும்போது முன்னர் இருந்ததைவிடக் கூடிய இடம் எடுக்கும். பின்னுக்கும் துளைக்கும் நடுவில் விட்டிருப்பதே மில்லிமீற்றரில் நூறில் சில பங்குதான். அது நிரம்பினால் பின் இறுகிவிடும். முல்லைத்தீவு, பூநகரி, மன்னார்க் கரையோரம் ஓடும் வாகனங்களிலும், மாரியில் வட்டுவாகல் பாலத்தைத் தண்ணீர் மேவி நிற்கும்போது கடந்த வாகனங்களிலும் இந்த வெள்ளைத் தூளை எதிர்பார்த்தே வேலையைத் தொடங்கலாம். எல்லாவற்றிலும் மோசம் மீன் பெட்டி ஏற்றும் வான்கள். ஐஸ் கரைந்த உப்புநீர் தரைத்தகட்டு ஓட்டைகளால் ஒழுகி, நேரே கியர்பொக்ஸின் தலையில் விழுகிறது. வருடக்கணக்கில்.

வெள்ளம் பார்த்த வாகனம் வேறு விதம். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்த வெள்ளத்தைப் போன்றதில் அமிழ்ந்த வாகனத்தில், கிளச்சை விடுவிக்கும் நெம்பான போர்க்கின் றப்பர் உறை கிழிந்திருந்தால் சேறு ஹவுசிங்குக்குள்ளேயே போய்விடும். அப்போது டவல் பின் நல்லபடி இருக்கும். உள்ளே ஷாப்டின் பல்லும் பிளேட்டும்தான் கறளில் கட்டியாகியிருக்கும். வாகனம் எங்கே ஓடியது, எங்கே நின்றது என்று சொந்தக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டாலே எதைத் தேடவேண்டும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற வாகனங்கள் பலவற்றில் கிளச் பிளேட், எஞ்சின் சுழற்றும் பாரச் சக்கரமான பிளைவீலோடு ஒட்டிக்கொண்டது. பெடலை மிதித்தாலும் கியர் விழாது. அதற்குக் கியர்பொக்ஸை இறக்கத் தேவையில்லை. பெடலை அடிவரை அமத்தி, சீற்றுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கம்பு கொடுத்து ஓர் இரவு விடுங்கள். விடியப் பார்த்தால் பல வேளைகளில் தானாக விட்டிருக்கும். விடவில்லை என்றால் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, இரண்டாம் கியரில் போட்டு, ஆள் நடமாட்டமில்லாத நேர்த் தெருவில் ஸ்ராட்டரிலேயே வாகனத்தை எடுத்து, பெடலை மிதித்தபடி அக்சிலேற்றரை விட்டு விட்டு அமத்தவேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மட்டும் இறக்குகிற கதை.

இறக்குவதற்கு முன்

பற்றறியின் மைனஸ் வயர், கியர் ஒயில் வடித்தல், ஸ்பீடோமீற்றர் கேபிள், றிவேர்ஸ் சுவிச்சின் வயர், கியர் கேபிள் அல்லது கம்பி, ஸ்ராட்டர் மோட்டர், சைலன்சர் குழாயின் பிடி. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. பின்சில்லு இழுக்கும் வானில் புறொப்பெல்லர் ஷாப்டை (பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு) கழற்ற முன்னர் இரண்டு பிளேஞ்சிலும் உளியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே நேருக்கு வரவேண்டும், இல்லையென்றால் அதிரும். முன்சில்லு இழுக்கும் காரில் இரண்டு டிரைவ் ஷாப்டும் வெளியே வரவேண்டும். கிளச்சின் கீழ்ச் சிலின்டரை ஹோஸ் கழற்றாமலே இரண்டு போல்டையும் எடுத்து, கம்பியால் ஒரு பக்கம் கட்டித் தொங்கவிடலாம். அதன் பிறகு ஒருவரும் பெடலில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் பிஸ்டன் வெளியே பாயும், பிறேக் ஒயில் ஊற்றும், காற்று எடுக்கிற வேலையும் கூடவே வரும்.

வாகனத்தை உயர்த்துவதில் நிறையப் பேர் அலட்சியம். சீமெந்துப் புளொக் கல்லின் மேல் வாகனத்தை நிறுத்துவது வழக்கமாகவே ஆகிவிட்டது. உள்ளே பொள்ளலான கல். வெடிப்புக் காட்டாமல் ஒரே கணத்தில் நொறுங்கும். அதுவும் கியர்பொக்ஸை உலுக்கி இழுக்கிற வேலை இது. ஸ்ராண்ட் இல்லையென்றால் முதிரை அல்லது பாலைக் குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மரம் வன்னியில் கிடைக்காத சாமான் இல்லை. மண் தரை என்றால் குற்றிக்கும் ஜக்குக்கும் அடியில் அகலப் பலகை போடவேண்டும். ஹயஸ் வானில் கழன்ற கியர்பொக்ஸை ஹவுசிங்கோடு வெளியே இழுக்க, அடித்தகட்டுக்கும் தரைக்கும் நடுவில் அரை மீற்றராவது வேண்டும். கழற்றி முடித்த பிறகு உயரம் போதாது என்று கண்டுபிடிப்பது பெரிய தலையிடி.

ஒவ்வொரு போல்டையும் கழற்றக் கழற்ற, கடதாசிப் பெட்டி மட்டையில் ஹவுசிங்கின் வட்டத்தை வரைந்து அது அதற்குரிய இடத்தில் குத்தி வையுங்கள். நீளம் மாறிப் பூட்டினால் நீண்டது புளொக்கின் அடியை முட்டும், கட்டையானது நூலை (திருகுப் புரியை) சாப்பிடும். இன்னொரு பிரயோசனமும் உண்டு: மட்டையில் ஒரு பக்கம் வெறுமையாகத் தெரிந்தால் அங்கே இன்னும் ஒரு போல்ட் நிற்கிறது என்று அர்த்தம்.

ஒளிந்திருக்கும் போல்ட்

வராத கியர்பொக்ஸில் முதலில் சந்தேகப்படவேண்டியது இதைத்தான். ரொயோட்டாவில் ஹவுசிங் போல்டின் தலை பெரும்பாலும் 17 மில்லிமீற்றர், சிறியவை 14. ஹயஸில் பின்னால் இருந்து பார்த்தால் மேல் இரண்டும் கண்ணுக்கே தெரியாது. கியர்பொக்ஸின் வால் பக்கத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, வாலை ஜக்கில் மெதுவாக இறக்கினால் எஞ்சின் பின்னால் சரியும். அப்போது கியர்பொக்ஸின் முதுகுக்கு மேலால் இரண்டடிக்கும் கூடிய எக்ஸ்டென்சன் கம்பியைக் கொடுத்து, நுனியில் யுனிவேர்சல் ஜொயின்ற் போட்டுப் பிடிக்கலாம். சரிக்கும்போது ஒருவர் முன்னால் நிற்கவேண்டும். பான் இறக்கை றேடியேற்றர் கூட்டில் முட்டுகிறதா, மேல் ஹோஸ் இழுபடுகிறதா, அக்சிலேற்றர் கேபிள் விறைக்கிறதா என்று பார்ப்பதற்கு.

கொரோலா போன்ற கார்களில் ஏமாற்றுவது கீழ்ப் பக்கம். சில போல்ட் கியர்பொக்ஸ் பக்கமிருந்து புளொக்குக்குள் போகும். சில எஞ்சின் பக்கமிருந்து ஹவுசிங்குக்குள் வரும். ஒரே பக்கம் நின்று எண்ணுகிறவருக்கு மற்றப் பக்கத்துப் போல்ட் தட்டுப்படாது. புளொக்கையும் ஹவுசிங்கையும் கீழால் இணைக்கிற தாங்கு தகடு சில மொடல்களில் உண்டு. சேறும் ஒயிலும் காய்ந்து அதன் போல்ட் தலைகளே மறைந்திருக்கும். ஸ்ராட்டர் மோட்டரின் போல்ட் ஒன்று அதே வேளையில் ஹவுசிங்கையும் பிடிக்கும். வயர்களைத் தாங்கும் சிறு தகடு, ஏர்த் வயர் என்று முக்கியமில்லாதவை போலத் தெரிபவையும் இழுத்துப் பிடிக்கும்.

மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு சுற்றுவட்டத்தை முழுதாகக் கழுவுங்கள். பிறகு போனில் லைற்றைப் போட்டு, வீடியோ எடுத்தபடி கையை மேலால் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துப் பாருங்கள். தலை நுழையாத இடத்தில் போன் நுழையும். அதன் பின் விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாய்ச் சொன்னால்தான் போல்ட் இல்லை என்று எடுக்கலாம்.

கறள் பிடித்த போல்டை ஒரேயடியாகக் கழற்றப் பார்க்கவேண்டாம். அறுகோணச் சொக்கட்டைப் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம் அசைத்து, பிறகு கழற்றுங்கள். அரைச் சுற்று வந்தால் கால் சுற்று திரும்ப உள்ளே விடுங்கள். 12 பல்லு றிங் ஸ்பனரால் தலை வட்டமாகிப் போனால், அந்த இடுக்கில் உளி வைத்து அடிக்கக்கூட இடம் இருக்காது.

ஜக்கின் உயரம்

போல்ட் இல்லை என்பது நிச்சயமானால் அடுத்தது சுத்தியல் இல்லை, ஜக். சின்னக் காரின் மனுவல் கியர்பொக்ஸே முப்பது கிலோ அளவில் வரும். ஒட்டோ என்றால் அதைப்போல இரண்டு மடங்கு வரும். இந்தப் பாரம் ஜக்கில் சரியாக உட்காராவிட்டால் முழுவதும் இரண்டு டவல் பின்னிலும் ஷாப்டிலும் தொங்கும். தொங்குகிற பின் கறளே இல்லாமல்கூட வராது.

இடைவெளியைப் பாருங்கள். மேல்பக்கம் திறந்து கீழ்ப்பக்கம் கடித்திருந்தால் கியர்பொக்ஸின் வால் தாழ்ந்திருக்கிறது. ஜக்கை இரண்டு மூன்று மில்லிமீற்றர் உயர்த்துங்கள். கீழே திறந்து மேலே கடித்தால் அளவுக்கு மிஞ்சி உயர்த்தியாயிற்று, இறக்குங்கள். எஞ்சினுக்குத் தனியாக இன்னொரு ஜக், சம்புக்கு (எஞ்சின் ஒயில் நிற்கும் அடித்தட்டு) அடியில் பலகை வைத்து. பலகை இல்லாமல் வைத்தால் சம்புத் தகடு பள்ளமாகும், ஒயில் உறிஞ்சும் குழாயின் வாயையும் அது அடைக்கலாம். இந்த இரண்டு ஜக்கையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பார்ப்பதிலேயே கணிசமான கியர்பொக்ஸ்கள் விட்டுவிடும்.

விடுகிற நேரம் திடீரென்று விடும். அதனால் எதிர் எதிரான இரண்டு போல்டை நாலைந்து நூல் மட்டும் திரும்ப ஏற்றி விடுங்கள். அதைவிட நல்லது வழிகாட்டிக் கம்பி: அதே விட்டமும் நூலும் உள்ள இரண்டு நீளப் போல்டின் தலையை வெட்டி, நுனியில் ஹக்சோவால் ஸ்குறூட்றைவருக்கு ஒரு வெட்டுக் கொடுத்தால் போதும். ரொயோட்டாவில் பெரிய போல்ட் 12 மில்லிமீற்றர், நூலுக்கு நூல் இடைவெளி 1.25 மில்லிமீற்றர். நீளம் 100 மில்லிமீற்றர் போதும். கடையில் கிடைக்கும் சாதாரண 12 மில்லிமீற்றர்ப் போல்ட் அநேகமாக 1.75 நூல், அதை ஏற்றினால் புளொக்கின் நூல் போய்விடும். கையால் சுழற்றும்போதே இறுகினால் அது வேறு நூல் என்று விட்டுவிடுங்கள்.

டவல் பின்

பெரும்பாலான எஞ்சின்களில் பின் இரண்டுதான், வட்டத்தின் எதிர் எதிர்ப் பக்கங்களில். சிலது உள்ளே துளையுள்ள குழாய், அதன் நடுவால் ஹவுசிங் போல்ட் போகும், சிலது முழுக்கம்பி. ஹவுசிங்குக்குள் 10 மில்லிமீற்றர் அளவில்தான் நிற்கும். இந்த அளவு முக்கியம். இடைவெளி 15 மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டால் பின் விட்டுவிட்டது. அதன் பிறகும் வராவிட்டால் குற்றம் உள்ளே.

போல்டா பின்னா என்று தெரியாமல் குழம்பினால், சந்தேகமான மூலையில் மெல்லிய மர ஆப்பு ஒன்றைக் கையால் செருகி, ஒரு தட்டுத் தட்டி, பிறகு உருவிப் பாருங்கள். உருவியதும் இடைவெளி திரும்ப மூடிக்கொண்டால் அங்கே போல்ட் இருக்கிறது. திறந்தபடி நின்றால் பின்.

பின் என்று தெரிந்தால் அவசரம் வேண்டாம். ஊடுருவும் ஒயிலை இரண்டு பின்னின் இடத்திலும் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். கடையில் விற்கும் ஸ்பிரே இல்லையென்றால் ஒட்டோ கியர்பொக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எப். ஒயிலும் அசிற்றோனும் சமபங்கு கலந்தால் நன்றாகவே வேலை செய்யும். அசிற்றோன் சட்டென்று ஆவியாகும் என்பதால் விடும்போதுதான் கலக்கவேண்டும், பெயின்றிலும் றப்பரிலும் படக்கூடாது. டீசலும் போகும், ஆனால் நேரம் எடுக்கும். ஊறும்போது பின் நிற்கும் தடித்த பகுதியைச் செப்புச் சுத்தியலால் அல்லது மரத்துண்டை வைத்து மெதுவாகப் பல தரம் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் ஒயில் உள்ளே இறங்கும். ஹவுசிங்கின் மெல்லிய சுவரில் அடிக்கவே கூடாது. அடி விழவேண்டிய இடம் பின்னைச் சுற்றியுள்ள குமிழும், தடித்த வரம்புகளும் மட்டும்.

ஆப்பு வைப்பதென்றால் இரண்டு, இரண்டு பின்னுக்கும் பக்கத்தில், ஒரே நேரம். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் மற்றப் பக்கத்துப் பின் துளைக்குள் சரிந்து, கறள் இல்லாத பின்கூடக் கடித்துக்கொள்ளும். நெம்பினால் நெம்ப நெம்ப இறுகுகிறது என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். முதலில் பெயின்ற் சுரண்டும் தகடு, பிறகு பாலை மர ஆப்பு, பிறகுதான் இரும்பு. ஒரு பக்கம் அரை மில்லிமீற்றர், மறுபக்கம் அரை மில்லிமீற்றர். நடுவில் வால் பக்கத்தைப் பிடித்து இடமும் வலமுமாக அசைக்கவேண்டும். நெம்புவதற்கென்று வார்ப்பிலேயே வெட்டு விட்ட ஹவுசிங்குகள் உண்டு. முதலில் அதைத் தேடுங்கள். பொருந்தும் முகத்துக்குள் இரும்பைச் செருகி நெம்பினால் அலுமினிய முகத்தில் தழும்பு விழும். விழுந்தால் பூட்டுமுன்னர் அரத்தால் மேடு தட்டவேண்டும், இல்லையென்றால் கியர்பொக்ஸ் சாய்ந்து பூட்டுப்படும். எஞ்சினுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் மெல்லிய தகடு இருக்கிற வாகனங்களில் ஆப்பு தகட்டின் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். தகட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் போனால் வளைவது தகடுதான்.

அதற்கும் வராவிட்டால் சூடு. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 16 மில்லிமீற்றர்த் துளை ஒன்றும் அதற்குள் நிற்கும் உருக்குப் பின்னும் 100 பாகை சூடேறினால், துளை பின்னைவிட 0.018 மில்லிமீற்றர் கூட விரிகிறது. சொற்பம்தான், ஆனால் பின்னைப் பிடித்து வைத்திருப்பதும் அதே அளவு சொற்பம். குமிழைச் சுற்றி மட்டும் சூடாக்கி, தெளித்த தண்ணீர்த் துளி பொரிந்து ஓடும் அளவில் நிறுத்துங்கள். பின் சூடேறுவதற்கு முன்பே அசைக்கவேண்டும். சூடான காற்று ஊதும் ஹீற் கன் இருந்தால் அதுதான் நல்லது. காஸ் ரோச் என்றால் முதல் நாள் விட்ட ஸ்பிரே, வடிந்த ஒயில், பெற்றோல் குழாய், வயர் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன என்பதை மறக்கவேண்டாம். துடைத்து, ஈரச் சாக்கால் மூடி, ஒரு வாளி மணலைக் கைக்கெட்ட வைத்துவிட்டுத் தொடங்குங்கள். அசிற்றோன் கலவை விட்ட அன்றே நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது. அலுமினியம் நிறம் மாறாமலே இளகும் என்பதால் கண்ணை நம்பி ஓக்சி அசிற்றிலின் பிடிப்பதும் வேண்டாம்.

சில ஹவுசிங்குகளில் பின் நிற்கும் துளை மறுபக்கம் வரை திறந்திருக்கும், முழுக்கம்பிப் பின்னின் முகம் தெரியும். அப்படியென்றால் வேலை சுகம். பின்னைவிடக் கொஞ்சம் மெல்லிய கம்பியை அதன் முகத்தில் வைத்து எஞ்சின் பக்கமாக அடியுங்கள். பின் புளொக்குக்குள்ளே கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை, பிறகு இழுத்து எடுக்கலாம்.

இடைவெளி திறந்தும் வராவிட்டால்

சுற்றிவர ஒரே அளவில் 15, 20 மில்லிமீற்றர் திறந்து, அதற்கு மேல் றப்பரில் கட்டியது போல இழுத்துப் பிடித்தால் ஷாப்டைத்தான் பார்க்கவேண்டும். ஷாப்டின் பல்லோடு பிளேட்டின் நடுப்பகுதி கறளில் ஒட்டியிருக்கும். பின்சில்லு வாகனங்களில் இன்னொரு பிடியும் உண்டு: ஷாப்டின் நுனி, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் நடுவிலுள்ள பைலட் பெயாரிங்குக்குள் நிற்கும், அது உடைந்து கடித்திருக்கலாம். முன்சில்லு இழுக்கும் சின்னக் கார்களில் பெரும்பாலும் பைலட் பெயாரிங் இல்லை.

போர்க்கின் துளையால் நீளக் குழாய் நுனியுள்ள ஸ்பிரேயைப் பல்லின் மேல் விடுங்கள். பிளேட் எப்படியும் நனையும் என்பதால் புதுப் பிளேட் போடுகிற முடிவோடு விடவேண்டும். பிறகு போர்க்கைக் கம்பியால் நெம்பி, கிளச் பிளேட்டைப் பிளைவீலோடு அமத்தும் பிறஷர் பிளேட்டின் பிடியை விடுவித்தபடி, கியர்பொக்ஸை நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். போர்க்கை நெம்புவதற்கு, அது தள்ளும் றிலீஸ் பெயாரிங் பிறஷர் பிளேட்டின் விரல்களை இன்னும் தொடவேண்டும். எட்டாவிட்டால் இடைவெளியைக் கொஞ்சம் மூடிவிட்டுச் செய்யவேண்டும். ஷாப்டைத் தொங்கவிட்டு ஆட்டினால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், ஷாப்டின் முன் பெயாரிங்கும் அடிபடும்.

கடைசி வழி, கிளச்சை முழுதாகக் கியர்பொக்ஸோடு எடுத்துவிடுவது. கீழ் மூடி கழன்றுவருகிற ஹவுசிங்கிலும், இடைவெளியால் ஸ்பனர் நுழைகிற வாகனத்திலும், கிராங்கைச் சுழற்றிச் சுழற்றி பிறஷர் பிளேட்டின் ஆறு போல்டையும் ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஒரு சுற்றில் ஒவ்வொன்றையும் ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்தி, இரண்டாம் மூன்றாம் சுற்றில்தான் முழுதாக எடுக்கவேண்டும். அலுப்பான வேலை. ஆனால் ஒன்றும் உடையாது.

சுபாருவிலும் சில மிற்சுபிசிகளிலும் இழுத்து விடுவிக்கும் கிளச் உண்டு. அதில் றிலீஸ் பெயாரிங் பிறஷர் பிளேட்டின் விரல்களுக்குள் பூட்டுப்பட்டே இருக்கும். அந்தப் பூட்டை, அல்லது போர்க்கின் அச்சை, முதலில் எடுக்காமல் எவ்வளவு இழுத்தாலும் வராது. இங்கே அவை வருவது அரிது. வந்தால் இதை நினைவில் வைத்திருங்கள்.

ஒட்டோ கியரில் கொன்வேட்டரை எஞ்சினிலிருந்து பிரித்து, கியர்பொக்ஸோடு சேர்த்துத்தான் இறக்கவேண்டும். ஸ்ராட்டர் துளையாலோ கீழ் மூடியாலோ பார்த்தால் பிளெக்ஸ் பிளேட்டில் (கொன்வேட்டரை எஞ்சினோடு இணைக்கும் தகடு) போல்ட் தெரியும். ரொயோட்டாவில் வழக்கமாக ஆறு. கிராங்க் புலியின் போல்டில் சொக்கட் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுழற்றி, ஒவ்வொன்றாக எடுங்கள். ஆறும் எடுத்தாயிற்று என்றால் தட்டை ஸ்குறூட்றைவரால் கொன்வேட்டரைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். சில மில்லிமீற்றர் பின்வாங்கி, கையால் தனியாகச் சுழலவேண்டும். சுழலாவிட்டால் ஒரு போல்ட் தப்பிவிட்டது, அல்லது கொன்வேட்டரின் மூக்கு கிராங்கின் குழிக்குள் கறள் பிடித்திருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் கியர்பொக்ஸை இழுத்தால் கொன்வேட்டர் எஞ்சினிலேயே தங்கும், ஏ.டி.எப். தரையில் ஊற்றும், முன் பம்பின் சீல் வெட்டுப்படும்.

எதற்கும் மசியாத முன்சில்லுக் காரில், இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே செயின் புளொக்கில் வெளியே தூக்குவதுதான் கெட்டித்தனம். மரக்கொப்பில் கட்டாமல் குழாய் முக்காலியில் கட்டுங்கள். ஒயிலெல்லாம் வடித்துவிட்டு, எஞ்சின் கீழும் கியர்பொக்ஸ் மேலுமாக நிமிர்த்தினால் பொருத்து கிடையாக வரும்; விட்ட ஒயில் பின்னின் வழியே தானாக இறங்கி நிற்கும். ஊறிய பிறகு கியர்பொக்ஸை நேரே மேலே பிடித்து, எஞ்சின் தரையைவிட்டு ஓர் அங்குலம் மட்டும் எழும்பத் தூக்குங்கள். எஞ்சினின் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் இரண்டு பின்னையும் சமமாக இழுக்கும். சுற்றிவரத் தட்டிக்கொண்டே போனால் விடும். எஞ்சினுக்கு அடியில் பழைய ரயர், காலும் கையும் அடியில் இல்லை, எஞ்சின் சரியாமல் இரண்டு பக்கமும் தாங்கு. கொன்வேட்டர் விடுபடாத ஒட்டோவில் இதைச் செய்யக்கூடாது.

இவ்வளவு பொறுமை எதற்கென்றால், உடைந்த ஹவுசிங்குக்கு மாற்று கிளிநொச்சியில் சட்டென்று அகப்படாது. வவுனியாவில் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி, பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அந்த இடைக்காலத்தில் பழைய வாகனங்களை வைத்தே சமாளித்ததில் பழைய கியர்பொக்ஸுக்கும் கிராக்கி கூடிவிட்டது. அலுமினிய வெல்டிங் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் பின் நிற்கும் குமிழ் உடைந்ததை வெல்டிங்கில் ஒட்டி அதே நேருக்குக் கொண்டுவருவது லேத் வேலையும் தெரிந்தவருக்கே கடினம்.

திரும்பப் பூட்டும்போது

பின்னை 400 நம்பர் எமறித் தாளால் மினுக்கி, துளையின் வெள்ளைத் தூளைச் சுரண்டித் துடைத்து, செப்புக் கலந்த கிறீஸை மெல்லிதாகப் பூசுங்கள். கழற்றும்போது இவ்வளவு கரைச்சல் தந்தது என்று பின்னை எடுத்து எறிந்துவிட்டுப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். போல்டும் அதன் துளையும் ஒன்றுக்கொன்று தளர்வு. போல்ட் பிடிக்குமே தவிர நேர் பார்க்காது. பின் இல்லாமல் ஓடினால் ஷாப்ட் கிராங்கின் மையத்துக்கு விலகி நிற்கும். கிளச் உதறும், ஷாப்டின் பெயாரிங் இரையும், புதுப் பிளேட்டின் நடுப்பகுதி சீக்கிரம் தேயும்.

ஷாப்டின் பல்லுக்கு உழுந்தளவு கிறீஸ் போதும். மிச்சம் பிளேட்டில் தெறிக்கும். திறந்த கையோடு பைலட் பெயாரிங், றிலீஸ் பெயாரிங், எஞ்சினின் பின்பக்க ஒயில் சீல், போர்க்கின் றப்பர் உறை நான்கையும் மாற்றிவிடுங்கள். உறையின் விலை மிகக் குறைவு, ஆனால் சேறு உள்ளே போவது அதனால்தான். வழிகாட்டிக் கம்பி இரண்டையும் ஏற்றி, கியர்பொக்ஸைக் கியரில் போட்டு, கியர்பொக்ஸின் வால் பக்கப் பிளேஞ்சைச் சிறிது சுழற்றியபடி தள்ளினால் பல் தானாக விழும். கை பலத்திலேயே ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மூடவேண்டும். மிச்சத்தைப் போல்டால் இழுத்து மூடலாம் என்று இறுக்கினால் காது வெடிக்கும். ஒட்டோ என்றால் பம்பு உடையும். ஒட்டோவில் ஹவுசிங் முழுதாகப் பொருந்திய பிறகும் கொன்வேட்டர் கையால் சுழன்று, பிளெக்ஸ் பிளேட்டை விட்டுச் சில மில்லிமீற்றர் விலகி நிற்கவேண்டும். அப்படி இல்லையென்றால் அது பம்பில் சரியாக உட்காரவில்லை. கழற்றித் திரும்ப அமர்த்துங்கள்.

4ஏ, 5ஏ எஞ்சின் கொரோலாவில் 12 மில்லிமீற்றர்ப் போல்டுக்கு 64 நியூற்றன் மீற்றர், 10 மில்லிமீற்றருக்கு 46, பிறஷர் பிளேட்டின் ஆறுக்கும் 19. றாத்தல் அடியில் 47, 34, 14. கியர் ஒயில் 75டபிள்யூ 90, இரண்டு லீற்றர் அளவில் பிடிக்கும். நிரப்பும் துளையால் வழியத் தொடங்குவதுதான் அளவு.

எஞ்சினை ஸ்ராட் பண்ணி, நியூற்றலில் விட்டு, பெடலை மிதித்தும் விட்டும் கேளுங்கள். மிதித்தால் இரைச்சல் வந்தால் றிலீஸ் பெயாரிங் அல்லது பைலட். பெடலை விட்டால் வந்து மிதித்தால் நின்றுபோனால் ஷாப்டின் பெயாரிங். அது முன்பு இல்லாத சத்தம் என்றால் பெயாரிங் வாங்க ஓடுவதற்கு முன், இரண்டு பின்னும் இடத்தில் இருக்கின்றனவா, ஹவுசிங்கின் முகம் சுற்றிவர இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று 0.05 மில்லிமீற்றர் பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஒரு சுற்றுப் பாருங்கள்.